வலது மூலையில் என்ன இருக்கிறது

ஸூஸ் நகரத்து நோட்டரி அலுவலகத்தில் தட்டச்சு செய்யும் ரௌதா, வேறு வேலைக்கு எழுதிய மனுவைத் தன் லினக்ஸ் கணினியில் திருமணப் பத்திரத்துக்குப் பின்னால் மறைத்திருந்தாள். அரபிப் பத்திரத்தின் வலது மேல் மூலையில் இருந்த முதல் சொல்லுக்கு மவுஸை நகர்த்தும்போதெல்லாம், திறந்திருந்தவை எல்லாம் சின்னதாகிப் பரவி, மனுவும் தெரிந்தது. தம்பிக்குப் போன் போட்டாள்.

"மேல இடது மூலையைத் தொட்டா எல்லாம் அப்படிப் பரவும். அங்க மவுஸ் போகாம பாத்துக்கக்கா."

"வலது மூலைக்குத்தான்டா போறேன்!"

"திரை அரபியிலயா இருக்கு?"

"பின்ன, சீனத்துலயா?"

"அரபின்னா எல்லாமே பக்கம் மாறிடும். அந்த மூலையும் வலதுக்கு வந்துடும். அமைப்புகள்ல போய் அதை அணைச்சிடு."

அணைத்தாள். முதுகுக்குப் பின்னால் முதலாளி ஹெடியின் குரல் கேட்டது.

"ஏம்மா அணைச்சே? பாதிதானே படிச்சிருந்தேன்."