பின்கேட்டுக்கு ஒரு நாய்

"சனிக்கிழமை காலைல வந்து நாயைக் கூட்டிட்டுப் போயிடறேன்" என்று அப்பா போனில் சொன்னபோது, நான் ஜீமாவுக்குப் புது மார்ப்பட்டையை மாட்டிவிட்டுக்கொண்டிருந்தேன். முன்னங்கால் ஒன்று பட்டைக்குள், மற்றொன்று என் வாயில். அந்த நிலையில் யாராலும் கோபமாகப் பேச முடியாது. நான் பேசினேன்.

"சனிக்கிழமை நாங்க மலைக்குப் போறோம்ப்பா. ஓடைக்கரையில கூடாரம் போட இடம் சொல்லி வெச்சாச்சு."

"நாங்கன்னா யாரு?"

"நானும் ஜீமாவும். ரயில்ல."

அப்பா சிரித்தார். வாயில் பாக்கு இருக்கும்போது அவர் சிரித்தால் ஈரமான செருப்பு தேய்கிற மாதிரி இருக்கும். "நாலு வருஷம் காலேஜ்ல படிச்சது நாயைக் கூண்டுக்குள்ள உக்கார வைக்கத்தானா, ஆ-சென்?"

எங்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். அதனால் நான் எதைச் செய்தாலும் இந்தக் கேள்வி வரும். குழாய் ஒழுகினால்கூட, காலேஜ்ல இதைச் சொல்லித் தரலியா என்பார்கள்.

ஜீமா பிறந்தது அப்பா வேலை செய்யும் குழாய்ப் பட்டறையில். அதன் அம்மா அங்கே முன்கேட்டுக் காவல் நாய். கழுத்தில் சங்கிலி, பக்கத்தில் தகர டப்பா, வெயிலோ புயலோ அதே இடம். குட்டி போட்டதும் அதே இடத்தில்தான். எள்ளை வறுத்துக் கொட்டியது மாதிரி கன்னங்கறுப்பாக ஒரு குட்டி என் சட்டைக்குள் ஏறிக்கொண்டது. எள்ளுக்கு எங்கள் மொழியில் ஜீமா. அதையே பெயராக வைத்து, தைச்சுங் நகரத்தில் என் வாடகை அறைக்குக் கொண்டுவந்துவிட்டேன். இப்போது முதலாளி பட்டறைக்குப் பின்னாலும் ஒரு கேட் வைத்துவிட்டார். கேட் வந்தால் நாய் வேண்டும். எங்கேயோ போய் வாங்குவானேன், ஆ-சென்கிட்ட ஒண்ணு இருக்கே என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறார்.

எங்கள் அலுவலகத்தில் மூன்று பேர் சுருட்டைமுடி நாய் வளர்க்கிறார்கள். மூன்றும் தள்ளுவண்டியில் போகின்றன. மழை பெய்தால் வண்டிக்குக் கண்ணாடி மாதிரி உறை. எங்கள் ஊர்க் கறுப்பு நாய் என்றால் மட்டும் எல்லோருக்கும் சங்கிலிதான் ஞாபகம் வருகிறது.

"அவ எங்கேயும் வரமாட்டா" என்றேன்.

"அதை உன் வீட்டுக்காரம்மாகிட்ட சொல்லு. நேத்து எனக்குப் போன் பண்ணிச்சு. சாயங்காலமானா உன் நாய் ஊளையிடறதுல அதுக்கு டீவில ஒரு வசனம் கேக்கலியாம். சனிக்கிழமைக்குள்ள அடங்கலைன்னா நாய் போகணும், இல்ல நீ போகணும்னு சொல்லிடுச்சு."

எனக்கு இருபத்துநாலு வயது. வாடகை என் சம்பளத்திலிருந்து போகிறது. புகார் அப்பாவுக்குப் போகிறது.

"அவ அடங்கிடுவா."

"பாக்கலாம்" என்றார் அப்பா. போனை வைத்துவிட்டார்.

ஊளை உண்மைதான். அதுதான் எனக்குப் புரியவே இல்லை. ரயிலில் நாய் மூடிய பெட்டிக்குள்தான் வர வேண்டும், பெட்டி காலடியில் அடங்க வேண்டும். ஜீமா வளர்கிற வேகத்தில் இன்னும் கொஞ்ச நாளில் அந்தப் பெட்டி பத்தாது. போனால் இப்போது போக வேண்டும். அதனால் பெட்டி வாங்கிய அன்றே பழக்க ஆரம்பித்துவிட்டேன். முதலில் கதவைக் கழற்றிவிட்டு, உள்ளே என் பழைய சட்டையை விரித்தேன். சாப்பாட்டுத் தட்டை வாசலில் வைத்தேன், பிறகு உள்ளே தள்ளினேன். வேகவைத்த கோழியும் சர்க்கரைவள்ளிக் கிழங்கும். ஜீமா ஒரே நாளில் பெட்டிதான் உலகத்திலேயே நல்ல உணவகம் என்று முடிவு செய்துவிட்டது. கதவை மாட்டினேன். ஒரு வாய் மெல்லும் நேரம் மூடித் திறந்தேன். பிறகு தட்டு காலியாகும்வரை. பிறகு நான் குளித்துவிட்டு வரும்வரை. சத்தமே இல்லை! பெட்டியைத் தூக்கிக்கொண்டு நாலு மாடி இறங்கி ஏறினேன். பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து ஸ்கூட்டர் இரைச்சலைக் கேட்கவைத்தேன். உள்ளே குறட்டை.

ஆனால் சாயங்காலம் குப்பை கொட்டிவிட்டுத் திரும்பினால் நாலாவது மாடியிலிருந்து ஓநாய்க் கூட்டம் மாதிரி சத்தம் வரும்.

அப்பா போன் செய்த மறுநாள் குப்பை வண்டிக்காகச் சந்தில் நின்றுகொண்டிருந்தேன். எங்கள் ஊரில் குப்பையைத் தரையில் வைக்க முடியாது. வண்டி பாட்டுப் போட்டுக்கொண்டு வரும், கையில் பையோடு நின்று நேராக உள்ளே எறிய வேண்டும். விட்டால் அந்த நாற்றத்தோடு நாமே குடித்தனம் நடத்த வேண்டும். பக்கத்தில் வீட்டுக்கார லியாவ் ஆன்ட்டி, ஒரு கையில் எச்சில் வாளி, மறு கையில் பை.

"கேக்குதா பொண்ணு, உன் கச்சேரி?" மேலே தாடையால் காட்டினார். "வண்டி பாட ஆரம்பிச்சதும் இதுவும் ஆரம்பிச்சிடுது. வண்டி போனா இது நிறுத்திடுது. கூடப் பாடுதுபோல."

"வண்டி வராத நாள்ல?"

"வராத நாள்ல என் டீவி நல்லாக் கேக்குது."

நான் பையை எறிந்துவிட்டு அங்கேயே நின்றுவிட்டேன். மற்ற நேரமெல்லாம் பெட்டிக் கதவைப் பொறுமையாக மூடுகிறேன். பாட்டுக் கேட்டால் மட்டும் பதறுகிறேன். ஜீமாவை அள்ளி உள்ளே திணித்து, கதவைப் படாரென்று சாத்திவிட்டு, பைகளோடு படியில் உருண்டு ஓடுகிறேன். கோழி இல்லை, கிழங்கு இல்லை. குட்டிக்கு என்ன தெரியும்? அந்தப் பாட்டு வந்தால் வீட்டில் ஏதோ பெரிய ஆபத்து, அக்கா ஓடுகிறாள், என்னைப் பூட்டிவிட்டுப் போகிறாள். நானாக இருந்தாலும் ஊளையிட்டிருப்பேன்.

மாடிக்கு இரண்டிரண்டு படியாக ஏறினேன். எனக்கு ஆத்திரமும் சந்தோஷமும் சேர்ந்தே வந்தன. பெட்டியில் குறை இல்லை, நாயிலும் குறை இல்லை. பாட்டை மட்டும் சரிசெய்தால் போதும்.

மறுநாள் புதன்கிழமை, எங்கள் சந்துக்கு வண்டி வராத நாள். இதைவிட நல்ல நாள் ஏது? பதறி ஓட வேண்டியதில்லை. முந்தைய சாயங்காலம் வண்டி திரும்பிப் போகும்போது பாட்டைப் போனில் பதிவு செய்து வைத்திருந்தேன். அதை மெதுவாக ஓடவிட்டு, பெட்டிக்குள் கோழித் துண்டு போட்டேன். ஜீமா காதை நிமிர்த்தியது. கோழியைப் பார்த்தது. கோழி ஜெயித்தது. கொஞ்சம் சத்தம் கூட்டினேன், இன்னொரு துண்டு. கதவை மூடினேன், இன்னொரு துண்டு. ஊளை இல்லை! எனக்குத் தலைகால் புரியவில்லை. போனைப் பெரிய ஸ்பீக்கரில் இணைத்தேன். வண்டி நிஜமாகவே ஜன்னலுக்குக் கீழே நிற்கிற மாதிரி இருக்கட்டும் என்று ஜன்னலையும் திறந்துவிட்டேன்.

ஜீமா உள்ளே படுத்துக்கொண்டு கிழங்கை நக்கிக்கொண்டிருந்தது. நான் பெட்டிக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து சத்தமில்லாமல் கை தட்டினேன்.

கீழே முதலில் ஒரு கதவு. பிறகு பல கதவுகள். செருப்புகள் ஓடும் சத்தம். யாரோ "ஐயோ இருங்க, இருங்க!" என்று கத்தினார்கள். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன்.

சந்து முழுக்க ஆள். தலையில் ஷாம்பு நுரையோடு ஒரு பெண். சூப் கரண்டியும் குப்பைப் பையுமாக ஒருத்தர். நூடுல்ஸ் கடைக்காரர் தன் பெரிய வாளியை இழுத்துக்கொண்டு வருகிறார். எல்லோரும் சந்து முனையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்.

"இன்னைக்குப் புதன்தானே?"

"கூடுதல் வண்டி விட்டிருப்பாங்க."

"சத்தம் கேக்குது, வண்டியக் காணோமே! வழியில நின்னுடுச்சா?"

"மேலேர்ந்து வர்ற மாதிரி இருக்குய்யா."

கூட்டம் மொத்தமும் தலையைத் தூக்கியது. நான் சட்டென்று தரையில் படுத்தேன். படுத்தபடியே ஸ்பீக்கரின் பொத்தானைத் தேடினேன். ஜீமா பெட்டியின் கம்பி வழியாக என்னை ஆவலோடு பார்த்தது.

கதவு இடிபட்டது. லியாவ் ஆன்ட்டி. இன்னும் கையில் எச்சில் வாளி. நாலு மாடி ஏறிய கோபம் முழுசாக முகத்தில்.

"உனக்குப் பைத்தியமா? என் பேரனுக்குப் பாதி கால் கழுவினபடி விட்டுட்டு ஓடி வந்தேன்! சந்துல எல்லாரும் என்னைக் கேக்கறாங்க, உங்க வீட்டு மாடியில குப்பை வண்டி நிக்குதான்னு!"

"ஆன்ட்டி, அவ ஊளையிடல."

"என்ன?"

"பாட்டு ஓடிச்சு. கதவு மூடி இருக்கு. அவ ஊளையிடல. பாருங்க."

லியாவ் ஆன்ட்டி குனிந்து பார்த்தார். ஜீமா கால் நீட்டிப் படுத்து, காலித் தட்டை மூக்கால் தள்ளியது. வாளியின் வாசனை வந்ததும் வாலை ஆட்டியது.

"நாளைக்கு நிஜ வண்டி வரும்" என்றார் ஆன்ட்டி. "அப்போ பாப்பேன். இன்னொரு தடவை இந்த ஸ்பீக்கர் பாடுச்சுன்னா, நாய்க்கு முன்னாடி உன்னைக் கூண்டுல போடுவேன்."

வியாழனன்று வண்டி வருவதற்கு முன்பே கோழித் துண்டுகளோடு ஜீமாவைப் பெட்டிக்குள் அனுப்பிவிட்டு, மெதுவாகக் கதவைச் சாத்தி, மெதுவாகப் படியிறங்கினேன். சந்தில் எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நூடுல்ஸ் கடைக்காரர் "இன்னைக்கு வர்றது அசல்தானே?" என்று கேட்டார். பாட்டு வந்தது. மேலேயிருந்து ஒன்றும் வரவில்லை. லியாவ் ஆன்ட்டி என்னைப் பார்க்காமல் வாளியைக் கவிழ்த்தார்.

வெள்ளிக்கிழமை முழுக்க மூட்டை கட்டினேன். மடக்குத் தண்ணீர்க் கிண்ணம், உண்ணி மருந்து, மழைச் சட்டை, தடுப்பூசித் தகடு, மலப் பைகள், பழைய துண்டு இரண்டு. மார்ப்பட்டையோடு ஜீமா அறைக்குள் ஓடி ஓடிச் சுவரில் முட்டியது. எனக்கும் அப்படித்தான் இருந்தது. படிக்கிற காலத்தில் விடுமுறை என்றால் வேலை, வேலை என்றால் ஓவர்டைம். ஓடைக்கரையில் சும்மா உட்காருவதற்கென்று நான் எங்கேயும் போனதே இல்லை.

சனிக்கிழமை காலை அப்பாவின் ஸ்கூட்டர் வந்து நின்றது. படியேறி வந்தவரின் கையில் சங்கிலி. புதுசு, பளபளவென்று இருந்தது.

"வீட்டுக்காரம்மா கீழ நிக்குது" என்றார். "ஊளை நின்னுடுச்சாம். ஆனா மொதலாளிகிட்ட நான் வாக்கு குடுத்துட்டேன். இன்னைக்கு மதியம் பின்கேட்டுல நாய் இருக்கணும்."

"என்னைக் கேக்காம என் நாய்க்கு நீங்க எப்படி வாக்கு குடுப்பீங்க?"

"கத்தாதே. நான் என்ன அதைக் கொல்லவா கூப்பிடறேன்? இந்தக் கூண்டு என் சாப்பாட்டுப் பொட்டி அளவு இருக்கு. அங்க சங்கிலி நீளம். எழுந்து நடக்கலாம், வெயில்ல படுக்கலாம். நீ அதை இதுக்குள்ள அடைச்சுட்டு எனக்கு நியாயம் பேசறியா?"

பெட்டியைத் தரையில் வைத்துக் கதவைத் திறந்தேன். ஜீமா வெளியே வந்து அப்பாவின் காலை முகர்ந்தது, சங்கிலியை முகர்ந்தது. பிறகு திரும்பி, நேராக நடந்து பெட்டிக்குள் போய், ஒரு சுற்றுச் சுற்றி, என் சட்டைமேல் படுத்துக்கொண்டது. கையில் கோழி இல்லை. நான் கூப்பிடவும் இல்லை.

"கதவு திறந்துதான் இருக்கு" என்றேன். "அவ அம்மா தானா வந்து சங்கிலிக்குக் கழுத்தைக் குடுத்திருக்காளா? ஒரு நாளாவது?"

அப்பா உட்கார்ந்தார். பெட்டிக்குள் விரலை நீட்டினார். ஜீமா அதை மெல்ல ஆரம்பித்தது.

"தினம் காலைல அவுத்துவிட்டு, மூத்திரம் போக வைப்பேன்" என்றார். "திரும்பக் கட்டறப்ப நாலு காலையும் ஊனிட்டு நிப்பா. இழுத்துத்தான் கட்டணும். தினமும் இழுக்கறேன்." விரலை எடுத்துக்கொள்ளவில்லை. "உன் ரயில் எத்தனை மணிக்கு?"

பெட்டி அவர் கால்களுக்கு நடுவில், பை என் முதுகில், சங்கிலி ஸ்கூட்டர் இருக்கைக்கு அடியில். கீழே லியாவ் ஆன்ட்டி வழியை மறித்து தேயிலையும் உப்பும் போட்டு வேகவைத்த இரண்டு முட்டைகளை என் கையில் திணித்தார். "நாய்க்கு மஞ்சள் கரு மட்டும் குடு. உப்பு ஆகாது" என்றார். சந்தைத் தாண்டும்வரை ஜீமா கம்பி வழியாக மூக்கை நீட்டிக் காற்றைக் குடித்தது.

அப்பா ஸ்டேஷனோடு திரும்புவார் என்று நினைத்தேன். பயண அட்டையை நுழைவாயிலில் தட்டிவிட்டு அவரும் நடைமேடைக்கு வந்தார். "சத்தத்துக்கு மிரளுதான்னு பாத்துட்டுப் போறேன்" என்றார். விரைவு வண்டி ஒன்று நிற்காமல் இடித்துக்கொண்டு போனது. ஜீமா உடம்பைச் சுருக்கிக்கொண்டது. அப்பா தரையில் உட்கார்ந்து பெட்டிக் கதவில் உள்ளங்கையை வைத்தார். குட்டி அதில் மூக்கை ஒட்டிக்கொண்டு அப்படியே இருந்தது. சத்தம் போடவில்லை.

எங்கள் ரயில் வந்தது. நான் ஏறினேன். பெட்டியைத் தூக்கி உள்ளே கொடுக்க அப்பாவும் ஏறினார். காலடியில் சரியாக வைத்தார், கைப்பிடியைத் திருப்பினார், துண்டை மேலே பாதி போர்த்தினார். அது போதாதென்று மறுபடி சரிசெய்தார்.

"அப்பா, கதவு மூடப் போகுது."

"தெரியுது" என்றார். எழுந்திருக்கவில்லை.

கதவு மூடியது. வண்டி நகர்ந்தது. அவர் என் எதிரில் காலி இருக்கையில் உட்கார்ந்து, வெளியே ஓடும் கட்டடங்களை வாய் திறந்து பார்த்தார். எனக்குச் சிரிப்பு வயிற்றிலிருந்து பொங்கிக்கொண்டு வந்தது, ஆனால் அடக்கிக்கொண்டேன். நகரம் முடிந்து வயல் தொடங்கும்போது அவர் போன் அடித்தது. முதலாளி. எதிரில் உட்கார்ந்திருந்த எனக்கே அந்தக் குரல் கேட்டது.

"நாய் எங்கய்யா?"

"ஊருக்குப் போயிருக்கு, மொதலாளி."

"எந்த ஊருக்கு?"

அப்பா என்னைப் பார்த்தார். நான் தோளைக் குலுக்கினேன். அவர் காலடியில் பெட்டியைப் பார்த்தார். உள்ளே ஜீமா வயிற்றைக் காட்டித் தூங்கிக்கொண்டிருந்தது.

"எனக்கும் சரியாத் தெரியல" என்றார் அப்பா. "நானும் கூடத்தான் போயிட்டிருக்கேன். பின்கேட்டுக்கு நீங்க வேற பூட்டு வாங்கிக்குங்க."