பக்கத்தில் இருந்தவன்

மிர்த்தாவும் அவள் தம்பி உலிசெஸும் பரிலோச்சே ஊருக்கு மேலே உள்ள மலைகளில் பனிச்சறுக்குப் பலகைகளோடு வளர்ந்தவர்கள். அன்று கணவாய்க்குக் கிளம்பும்போதே மிர்த்தாவுக்கு மனசு ஒப்பவில்லை. முந்தின நாள் முழுக்க அடித்த மேல்காற்று, புதுப்பனியை இந்தப் பக்கச் சரிவில் கொண்டுவந்து குவித்திருந்தது. லெங்கா மரங்கள் முடியும் இடத்தில், பனி உறுதியாக நிற்குமா என்று இருவரும் குழி வெட்டிப் பார்த்தார்கள். லேசாகத் தட்டியதுமே மேலடுக்கு மொத்தமாக வழுக்கி வந்தது. அதற்கடியில் சர்க்கரை மாதிரி உதிரிப்பனி; மேலே இருப்பதைப் பிடித்து நிறுத்தாது.

"உன் மூஞ்சியப் பார்த்தாலே தெரியுதுக்கா. திரும்பிடலாம்," என்றான் உலிசெஸ். "ஆனா நீதான் பயந்தேன்னு அம்மாகிட்ட சொல்லுவேன்."

"சொல்லிக்கோ."

அப்போதுதான் அவனைப் பார்த்தார்கள். சிவப்புச் சட்டை போட்ட யாரோ ஒருவன், தனியாக, திறந்த சரிவை மேலே குறுக்காகக் கடந்துகொண்டிருந்தான். கத்தினார்கள். காற்றில் எடுபடவில்லை. உலிசெஸ் கைத்தடிகளை உயர்த்தி ஆட்டிக்கொண்டே கடைசி மரத்தைத் தாண்டிப் போனான். அதற்கு மேல் போகாதே என்றாள் மிர்த்தா. நின்றுவிட்டான், பேச்சைக் கேட்டான். ஆனால் மலைக்குள் தும்மென்று ஒரு சத்தம் எழுந்து, சரிவு முழுக்க உடைந்து இறங்கியது.

அடங்கியபோது இரண்டு பேரையும் காணோம்.

மரங்களுக்குள் நின்றிருந்த மிர்த்தா, மார்பில் கட்டியிருந்த கருவியைத் தேடும் நிலைக்கு மாற்றிக்கொண்டு ஓடினாள். புதைந்தவர் கட்டியிருக்கும் கருவியை அது கண்டுபிடிக்கும். ஆள் யாரென்று சொல்லாது. ஒரு குறி பக்கத்தில் காட்டியது, இன்னொன்று கீழே தள்ளி. பக்கத்தில் இருப்பவரை முதலில் எடுக்க வேண்டும். எத்தனையோ பேருக்கு அவளே சொல்லிக்கொடுத்தது அது. நீளக் கம்பியைப் பனிக்குள் குத்தினாள், தட்டுப்பட்டது, தோண்டினாள்.

சிவப்புச் சட்டைக் கை தெரிந்தது.

ஒரு கணம் அவள் கை நின்றது. பிறகு முகத்தைத் தேடித் தோண்டினாள். வாயிலிருந்த பனியை விரலால் வழித்ததும் அவன் இருமினான். இடுப்புவரை புதைந்திருந்தவனை அப்படியே விட்டுக் கீழே ஓடினாள். விட்டுப் போகாதீர்கள் என்று பின்னாலிருந்து அழுதான்.

உலிசெஸ் ஆழத்தில் இருந்தான். தோண்டி எடுத்து, வாயில் வாய் வைத்து ஊதிக்கொண்டே இருந்தாள். சரிவு உடைந்ததைப் பார்த்து மலைக் குடிலிலிருந்து வந்த மீட்பு ஆட்கள்தான் அவளைப் பிடித்து விலக்கினார்கள்.

அடக்கம் முடிந்த மறுநாள், அம்மா தெல்ஃபினா அடுப்பங்கரையில் உட்கார்ந்திருந்தாள். குவளையில் மாத்தே பானம் ஆறிப்போயிருந்தது.

"தம்பியில்லன்னு எப்பத் தெரிஞ்சுது உனக்கு?"

"கையப் பார்த்ததும்மா."

"முகம்?"

"இன்னும் பனிக்குள்ளதான் இருந்துச்சு. விட்டுட்டு வந்திருந்தா அந்தப் பையன் போயிருப்பான்."

அம்மா குவளையைத் தள்ளிவைத்தாள். பிறகு சொன்னாள்: "நீ செஞ்சது சரிதான். எனக்குத் தெரியுது. ஆனா இன்னைக்கு என் கண்ணு முன்னாடி நிக்காத."

மிர்த்தா வெளியே போனாள். விறகு அடுக்கியிருந்த அடுப்பங்கரை வெளிச்சுவரில் சாய்ந்து பனியிலேயே உட்கார்ந்தாள். பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் அம்மா அழத் தொடங்கியது நன்றாகவே கேட்டது. உள்ளே போகவும் முடியவில்லை, எழுந்து விலகவும் முடியவில்லை. அழுகை ஓயும்வரை அங்கேயே இருந்தாள்.