மேட்டில் நின்றேன்

எண்ணூர் முகத்துவாரத்தில் போன வாரம் இருந்த மணல் இந்த வாரம் அதே இடத்தில் இருக்காது. ஆறு தள்ளும், கடல் திருப்பித் தள்ளும், நடுவில் படகு போகிற வழி மட்டும் மாறிக்கொண்டே இருக்கும். ஆற்றில் இறங்கிக் கையால் இறால் தடவுகிற எனக்கு அது அத்துப்படி. என் வீட்டுக்காரர் மனோகரனுக்குத் தெரியாது, ஆனால் தெரிந்ததாகக் காட்டிக்கொள்வார்.

அன்று விடியலில் அவர் கடலுக்குப் போன பிறகு அலை எகிறியது. பத்து மணிக்கு நான் இறங்கிப் பார்த்தால், நேற்று கழுத்தளவு இருந்த வடக்கு வழியில் முழங்கால் தண்ணீர்தான். மணல் மூடிவிட்டது. தெற்கே புதிதாக ஒரு வழி அறுத்துக்கொண்டு போயிருந்தது. போன் அடித்தேன், எடுக்கவில்லை. எஞ்சின் சத்தத்தில் எங்கே கேட்கப்போகிறது! அதற்குள் அவருடைய நீலப் படகு பழைய வழியைப் பார்த்தே வந்துகொண்டிருந்தது. அடி மண்ணில் தட்டினால் படகு குறுக்கே திரும்பும், பின்னால் வரும் அலை கவிழ்த்துவிடும். போன வருஷம் என் நாத்தனார் புருஷன் அப்படித்தான் செத்தான்.

ஓடிப்போய்ப் புது வழியின் ஓரத்தில் நின்று, இப்படி வா என்று முந்தானையை ஆட்டினேன். என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டு இன்னும் வடக்கே ஒதுங்கினார்! அப்புறம்தான் உறைத்தது. ஆள் நிற்கிற இடம் மேடு என்பது எங்கள் பக்கத்துக் கணக்கு. அங்கே எந்தப் படகுக்காரன் வருவான்? வழி காட்டுகிறேன் என்று நானே புருஷனைச் சாவுக்குத் தள்ளிக்கொண்டிருந்தேன்.

மணல் திட்டின் மேலேயே வடக்கே ஓடினேன். பழைய வழியின் நட்ட நடுவில், படகுக்கு நேர் எதிரே நின்று, புடவையை முழங்காலுக்கு மேல் தூக்கித் தண்ணீர் எவ்வளவு என்று காட்டினேன். கரையில் ஊரே பார்த்தது, பார்க்கட்டும்.

"மேடுய்யா! மண்ணு ஏறிக்கீது!"

படகு சாய்ந்தது. தெற்கே வளைந்து, புது வழியில் நுழைந்து, ஆற்றுக்குள் வந்துவிட்டது. அப்பாடா! அப்படியே தண்ணீரில் உட்கார்ந்துவிட்டேன்.

படகைக் கட்டிவிட்டு ஓடி வந்தவர் வள்ளென்று விழுந்தார்.

"அறிவு கீதா மே உனக்கு? போட்டுக்கு எதுர்ல வந்து நிக்கிற? உன் மேல ஏத்தியிருந்தா இன்னா ஆயிருக்கும்?"

"நீ கரைக்கு வரலன்னா நான் மட்டும் இருந்து இன்னாய்யா பண்ணப்போறேன்?"

பக்கத்தில் உட்கார்ந்து, ஊர் பார்க்கப் பார்க்க என் தோளில் சாய்ந்துகொண்டார். எனக்கு வெட்கமாகவே இல்லை. மனுஷன் முழுசாக வந்து சேர்ந்துவிட்டார், இனி எவ்வளவு திட்டினாலும் திட்டட்டும்.