இருபது பிரசவப் புத்தகங்கள் மீது வழக்கு

ஐம்பத்தொன்றில், மலாய் நாட்டுப் புக்கிட் ரோத்தானில் இருந்த என் கடைக்குள் போலீஸ் நுழைந்தது கம்யூனிஸ்டுத் துண்டறிக்கை தேடி. அகப்பட்டதோ, மதராஸிலிருந்து நான் வரவழைத்த இருபது பிரசவப் புத்தகங்கள். ஊரடங்கு நேரத்தில் எஸ்டேட் கேட்டைத் திறக்க மாட்டார்கள். வலி கண்டவள் ஆஸ்பத்திரிக்குப் போக முடியாது. அதனால் மருத்துவச்சி நல்லம்மாள் தனக்கும் மற்ற எஸ்டேட் மருத்துவச்சிகளுக்குமாகச் சொல்லி வைத்தவை அவை. உள்ளே படம் இருந்தது. போதாதா? இன்ஸ்பெக்டர் முகம் சிவக்க மூட்டை கட்டிவிட்டார்.

ஆபாசப் புத்தகத்தை எரிக்கவும் சட்டத்தில் முறை இருக்கிறது. குற்றமுள்ள பக்கங்களுக்கு அடையாளம் வைத்து, சத்தியம் செய்து ஆங்கிலத்தில் பெயர்க்க வேண்டும். ஏன் எரிக்கக் கூடாது என்று சொல்ல எனக்கு நோட்டீஸ் தர வேண்டும். எல்லாம் ஒழுங்காக நடந்தது. பெயர்த்தவர் கோர்ட்டு மொழிபெயர்ப்பாளர் பெர்னாட். ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிறவர். கை கூசுகிற சொல் வந்தால் அந்த இடத்தில் ஒரு கோடு இழுத்துவிட்டார். கருப்பைக்குக் கோடு, முலைக்குக் கோடு. தொப்புள்கொடிக்குக்கூட, பாவி மனுஷன், கோடு.

வெள்ளைக்கார மாஜிஸ்திரேட் வாசித்தார்: "ஒரு கையால் —— பிடித்து, மறு கையால் —— மேல் மெல்ல அழுத்தவும்." கண்ணாடியைக் கழற்றினார். "முதல் கோட்டில் என்ன சொல்?"

"சபையில் சொல்லத் தகாதது, துவான்," என்றார் பெர்னாட்.

இன்ஸ்பெக்டர் எழுந்தார். "மொழிபெயர்ப்பாளரே எழுதக் கூசுகிறார். வேறென்ன சாட்சி வேண்டும்?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அது தொப்புள்கொடிங்க. அது இல்லாம நீங்களும் பொறக்கல, நானும் பொறக்கல லா," என்றேன்.

பெர்னாட் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆங்கிலத்தில் சொன்னார்: "கடைக்காரர் பாவாவுக்குச் சொல்ல ஒன்றுமில்லை."

அந்த அளவு ஆங்கிலம் எனக்கும் தெரியும். மலாயில் சொல்ல வாயெடுத்தேன். மொழிபெயர்ப்பாளர் வழியாகத்தான் பேச வேண்டும் என்று அதட்டி உட்கார வைத்தார்கள். உத்தரவு ஆயிற்று. கோர்ட்டுக்குப் பின்னால் போட்டு மண்ணெண்ணெய் ஊற்றினார்கள்.

எரிந்து முடிந்ததும் நல்லம்மாள் பெர்னாட்டின் எதிரில் போய் நின்றாள்.

"ஐயா, உங்க வீட்டுக்காரம்மாவுக்கு எட்டு மாசம் முடிஞ்சிருச்சு. நேத்து தொட்டுப் பாத்தேன், புள்ள குறுக்கால கெடக்கு. எனக்கு அதுல கைப்பழக்கம் இல்ல. புஸ்தகத்தப் பாத்துத்தான் திருப்பணும்னு இருந்தேன்."

பெர்னாட் கையிலிருந்த மொழிபெயர்ப்புத் தாள்களை மடித்துப் பைக்குள் வைக்கப் போனார்.

"பரவால்ல. நீங்க எழுதுன காயிதத்த எடுத்துட்டு வந்து தமிழ்ல படிங்க. கோடு போட்ட எடம் வரும்போது நீங்களே பக்கத்துல நின்னு சொல்லுங்க, நான் எங்க கை வைக்கணும்னு."