மூன்றாவது புடவை

முப்பது வருஷமாகப் பெரிய காஞ்சிபுரத்துப் பட்டுக்கடை மெத்தையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து புடவை விரிக்கிறவர் அப்பாதுரை. இப்போது வலது முட்டி மடங்க மறுத்தது. முதலாளி செருப்பு விடுகிற இடத்துக்குப் பக்கத்தில் அவருக்கென்று ஒரு நாற்காலியைப் போட்டுவைத்தார்.

ஆஸ்பத்திரி வாசலில் ஆளுயரப் படம். டாக்டரும் நோயாளியும் சிரித்தபடி கைகுலுக்குகிறார்கள். 'முடிவு நம் இருவருடையது.' இவ்வளவு பல்லைக் காட்டுகிற கடையில் அப்பாதுரை ஒரு கைக்குட்டைகூட வாங்கமாட்டார்.

டாக்டர் ஆனந்தராஜ் மூன்று வண்ணத் தாள்களை மேசையில் பரப்பினார்.

"நான் எதையும் திணிக்கமாட்டேன் சார். ஒண்ணு, எக்ஸர்சைஸ், மாத்திரை. வலி மெதுவாத்தான் குறையும். ரெண்டு, ஊசி. விலை ஜாஸ்தி, திரும்பத் திரும்ப போடணும். மூணு, முட்டி மாத்துற ஆபரேஷன். நீங்கதான் சூஸ் பண்ணணும்."

அப்பாதுரை புடவை விரிக்கிற முறையும் இதுதான்: முதலில் சோர்ந்த நிறம், அடுத்து எட்டாத விலை, கடைசியில் 'உங்க இஷ்டம்' என்று அலட்சியமாக விரிப்பது. விற்கவேண்டியது அதுதான். எத்தனை பெண்வீட்டாரை இப்படி 'அவர்களாகவே' தேர்ந்தெடுக்க வைத்திருப்பார்!

"மூணாவத என் தலையில தள்ளணும், அதானே?"

"நைனா!" மகள் துளசி அவர் கையைக் கிள்ளினாள்.

"நான் தள்ளலையே சார்."

"அத மட்டும் என் பக்கமா திருப்பி வச்சிக்கினு சொல்றீங்களே."

டாக்டர் குனிந்து பார்த்தார். மற்ற இரண்டும் டாக்டர் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தன.

கெட்டிக்கார வாடிக்கையாளர்கள் செய்வதை அப்பாதுரையும் செய்தார். எழுந்தார். "இன்னும் நாலு கடை பாத்துட்டு வரோம்பா." கம்பீரமாகத் திரும்பியபோது முட்டி மளுக்கென்றது. மேசையைப் பிடித்துக்கொண்டார்.

"உக்காருங்க. என்ன வேலை செய்யறீங்க?"

அரைமணி நேரத்தில் அவரைப் பற்றிய முதல் கேள்வி.

"மெத்தையில சம்மணம் போட்டுக்கினு புடவை காட்டறது."

டாக்டர் மூன்றாவது தாளை டிராயருக்குள் தள்ளினார். "ஆபரேஷன் பண்ணா அப்படி உக்காரக்கூடாது சார். முன்னாடியே கேட்டிருக்கணும்."

ஒளித்து வைக்கிற புடவைக்குத்தான் மவுசு அதிகம். அதுவும் அப்பாதுரையின் வித்தைதான். "உள்ள வச்சத வெளிய எடுங்க."

டாக்டர் பெருமூச்சோடு எடுத்து வைத்தார். "வலி போகணுமா, உக்காரணுமா?"

"உக்காரணும்."

"அப்ப முதல் பேப்பர். மூணு மாசம் பார்க்கலாம்."

"அப்பவும் மடங்கலன்னா?"

"தெரியல சார்."

அப்பாதுரை அவரை உற்றுப் பார்த்தார். முப்பது வருஷத்தில் எந்த விற்பனையாளன் வாயிலிருந்தும் வராத வார்த்தை.

நர்ஸ் படிவத்தை நீட்டினாள். 'நாங்கள் இருவரும் கலந்து பேசி எடுத்த முடிவு' என்பதற்குக் கீழே, ஆபரேஷனுக்கான மூன்றாவது கட்டத்தில், டிக் அச்சாகியே வந்திருந்தது.

"பாத்தியாம்மா" என்றார் அப்பாதுரை துளசியிடம். டிக்கின் குறுக்கே கோடு போட்டு அடித்துவிட்டு, பக்கத்தில் 'சம்மணம் போட்டு உட்காரணும்' என்று பெரிய எழுத்தில் எழுதினார். பேனாவை டாக்டரிடம் நீட்டினார்.

"ரெண்டு பேர் முடிவுதானே? மொதல்ல நீங்க போடுங்க சார் கையெழுத்து."