பாதி வாளித் தீர்மானம்

தெல்தோட்டைக்கு மேலே இருந்த பழைய கிராமசபையின் குழாய்த் தண்ணீர், தேயிலைத் தோட்டத்து எல்லைக் கல்லைத் தாண்டுவதில்லை. வாளி நிறையப் பிடித்துக்கொண்டு கல்லைக் கடந்தால் வாளி காலியாக இருக்கும். அந்தத் தண்ணீரில் சமைத்த சோற்றைக் கொண்டுபோனால் தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்துக்குப் போய்ச் சேர்வது அரிசி. துவைத்த துணி கல்லைத் தாண்டியதும் காய்ந்துவிடும் என்பதால், மழை மாதங்களில் கிராமத்துப் பெண்கள் மட்டும் கூச்சமில்லாமல் வந்து தாண்டிவிட்டுப் போவார்கள். தோட்டம் சபைக்குச் சேராத இடம், அங்கே ஒரு சொட்டும் போகக்கூடாது என்று அந்தக் காலத்தில் தீர்மானம் போட்டிருந்தார்கள். பிறகு சபையே கலைந்தது, பிரதேச சபை வந்தது, சட்டம் மாறியது, தோட்டத்து ஆட்களும் ஓட்டுப் போட்டு உறுப்பினரானார்கள். தண்ணீரிடம் மட்டும் யாரும் போய்ச் சொல்லவில்லை.

லயத்தில் இருந்துகொண்டு கண்டிப் புடவைக் கடையில் வேலைக்கு நின்ற சிந்துஜா இதையெல்லாம் பொறுத்துக்கொண்டுதான் இருந்தாள். மண்சரிவில் லயத்துக்கு ஊற்றுத் தண்ணீர் தந்த பீலி மூடிப்போய், ஓடைச் சேற்றுத் தண்ணீரில் குளித்த அவளுடைய கைக்குழந்தைக்கு உடம்பெல்லாம் புண் வந்தபோது பொறுமை போனது. மாதக்கணக்காகப் பிரதேச சபைப் படியேறி இறங்கினாள். கடைசியில் ஓர் உத்தியோகத்தர் வந்து, தானே வாளியைத் தூக்கிக் கடந்து பார்த்துவிட்டு, பழைய சபை போட்டதைப் பழைய சபைதான் நீக்க வேண்டும் என்றார்.

அந்தச் சபையில் உயிரோடு மிஞ்சியவர் அஸீம் ஹாஜியார் ஒருவர்தான். திகனயில் மகன் வீட்டில் இருந்தவரை முச்சக்கர வண்டியில் ஏற்றி வந்து, குழாயடியில் கதிரை போட்டு உட்கார வைத்தார்கள். தீர்மானத்தை நீக்கும்படி அவர் முறையாக முன்மொழிந்தார். வழிமொழிய இன்னோர் உறுப்பினர் வேண்டும் என்றார் உத்தியோகத்தர்.

"மத்த ஆக்களெல்லாம் மௌத்து. மையவாடிக்கும் சுடுகாட்டுக்கும் போய்க் கேக்கவா சொல்றீங்க?" என்றார் ஹாஜியார்.

"நான் வழிமொழியுறேன்," என்றாள் சிந்துஜா. "செல்லாதுன்னா இந்தாங்க, புள்ளைய நீங்களே கொண்டுபோய் அந்த ஓடையில குளிப்பாட்டுங்க."

உத்தியோகத்தர் பிள்ளையை வாங்கவில்லை, செல்லாது என்றார். அவள் வாளியை நிரப்பிக்கொண்டு கல்லைத் தாண்டினாள். பாதி நின்றது. அவர் குனிந்து பார்த்து, முன்மொழிந்தது செல்லும், வழிமொழிந்தது செல்லாது, கணக்குச் சரிதான் என்று சொல்லிவிட்டு பஸ் பிடிக்கப் போனார். சிந்துஜாவுக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்தே வந்தன. அந்தப் பாதியில் பிள்ளையைக் குளிப்பாட்டினாள்.

இன்றும் பாதிதான் வருகிறது. பிள்ளையின் புண் ஆறிவிட்டது. லயத்தில் எல்லாரும் இரண்டு வாளியோடு போகிறார்கள். அரைவேக்காட்டில் வந்து சேரும் சோற்றை மறுபடி அடுப்பில் வைத்துக்கொள்கிறார்கள். துணி இப்போது பாதிதான் காய்கிறது என்று கிராமத்துப் பெண்கள் பிரதேச சபையில் முறைப்பாடு கொடுத்தார்கள். அதை விசாரிக்க உத்தியோகத்தர் மறுநாளே வந்தார்.