மூன்றாம் பாய்

1.

இப்படிக் கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. மின்விசிறிச் சத்தத்தில் என் குரல் தூரம் போகாது. ஒரு கதை வைத்திருக்கிறேன். ஆனால் அது எனக்குச் சொந்தமில்லை. கொச்சி மட்டாஞ்சேரியில் என் அடுத்த வீட்டுச் சீனியம்மாள் மீன் அலசிக்கொண்டே சொன்னது. "எழுதுங்க பெரியம்மா. ஆனா என்னய நல்லவளாக்கிப் போட்டுறாதீங்க" என்றாள். அந்த நிபந்தனையால்தான் இந்தக் கதை மூன்று நாளாகத் திணறுகிறது.

2.

முதல் தொடக்கம்: அவள் குழந்தைகள்மேல் கொள்ளை அன்பு கொண்டவள், அவளைக் கண்டதுமே வகுப்பறை... (வேண்டாம். பொய்.)

இரண்டாவது: சீனியம்மாள் சுக்குக் கிடங்கில் தரம் பிரிப்பவள். சரக்கு வராத நாட்களில் தொடக்கப்பள்ளியில் கமலாக்ஷி டீச்சருக்குக் கூலியில்லாத கைத்துணை. பென்சில் சீவுவாள், மூக்குத் துடைப்பாள், கழிவறைக்கு அழைத்துப் போவாள். தமிழிலும் சரி, மலையாளத்திலும் சரி, ஓரெழுத்து வாசிக்கத் தெரியாது. (இது இருக்கட்டும்.)

3.

அன்று டீச்சரை அலுவலக அறைக்கு அழைத்தார்கள். "சீனி, பிள்ளேங்களை மூணு பாயில இருத்தி வாசிக்கச் சொல்லு. இப்ப வரேன் கேட்டோ" என்று போனார்.

நல்ல சுக்கை ஒடித்தால் சட்டென்று சத்தம் வரும். அதைக் கேட்டுப் பழகிய காதை வைத்துக்கொண்டு சீனியம்மாள் ஒவ்வொரு பிள்ளையையும் ஒரு வரி வாசிக்கவைத்தாள். தடையில்லாதவர்கள் முதல் பாய். திக்கியவர்கள் இரண்டாம் பாய். வாயே திறக்காதவர்கள் மூன்றாம் பாய். பத்தே நிமிடம். ஒரு பிழை இல்லை.

(இங்கே அவளைக் கொஞ்சம் மெச்சுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். தெரியாத எழுத்தைக் காதால் தரம் பிரிக்க என்னால் ஆகாது.)

மூன்றாம் பாயில் அம்மு. ஆறு வயது. அவள் அம்மா பொன்மணிக்கும் அதே கிடங்கில்தான் வேலை. விடுமுறை நாளெல்லாம் அம்மு அங்கேதான் விளையாடுவாள். எந்தக் குவியல் எங்கே போகும், கடைசியில் ஒதுக்குகிற உடைசலை எங்கே கொட்டுவார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

"சீனிச் சேச்சி, நாங்க ஒடசலா? எங்களை எங்க கொட்டுவீங்க?"

திரும்பி வந்த டீச்சர் தலையில் கைவைத்தார். "என்ட சீனீ, இது பிள்ளேங்களாக்கும், சுக்கில்ல!"

மறுநாள் அம்மு வரவில்லை. அதற்கு மறுநாளும். "ஒடசல் ஸ்கூலுக்குப் போவாதாம். கட்டிலுக்கடியில பூந்துக்கிடுதா" என்றாள் பொன்மணி.

4.

ஒரு முடிவு: ஒடசல் சுக்குதான் காப்பிக்குக் காரம் தருகிறது என்று சீனியம்மாள் விளக்க, அம்மு சிரித்துக்கொண்டே... (அடித்துவிட்டேன். நீதிக்கதை வாடை.)

நடந்தது இவ்வளவுதான். சீனியம்மாள் பொன்மணி வீட்டுத் தரையில் குப்புறப் படுத்து, கட்டிலடியில் தலையை நீட்டினாள்.

"நான் பிரிச்சது தப்பு அம்மு."

அம்மு சுவரோரமாக இன்னும் உள்ளே நகர்ந்துகொண்டாள்.

"எனக்கும் வாசிக்கத் தெரியாதுட்டி."

"பொய்."

"ஒங்கம்மாட்ட கேளு. பிரிக்கிறவள எந்தப் பாயில போடன்னு நான் யோசிக்கவே இல்ல. நாளைக்கு மூணாம் பாயிலதான் உக்காருவேன். எனக்கு எடம் புடிச்சு வையி."

"எடம் பத்தாது. சேச்சி குண்டு."

"அப்ப நீ என் மடியில இரு."

5.

மறுநாள் கிடங்கில் சரக்கு வந்திருந்தது. சீனியம்மாள் போகவில்லை. (இதை அவள் சொல்லவில்லை; பொன்மணி சொன்னாள்.) மூன்றாம் பாயில் சம்மணமிட்டு, மடியைக் காலியாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

டீச்சர் பதிவேட்டைத் திறந்தார். அம்முவின் பெயர்தான் அதில் முதல். அன்று அவர் கடைசிப் பெயரிலிருந்து கூப்பிட ஆரம்பித்தார். எத்தனை நிதானமாக முடியுமோ, அத்தனை நிதானமாக.

பெயர்கள் ஒவ்வொன்றாக மேலே ஏறுகின்றன. சீனியம்மாளின் கண் வாசலில்.

பிறகு நடந்தது எனக்குத் தெரியும். அம்மு வந்தாள் என்று எழுதினால் சீனியம்மாள் நல்லவளாகிவிடுவாள், நான் வாக்குத் தவறியவளாவேன். வரவில்லை என்று எழுத என் கை வராது. ஆகவே ஒரு பெயர் மிச்சமிருக்கும்போதே பேனாவை மூடுகிறேன். அந்தப் பெயரை நீங்கள் கூப்பிடுங்கள், கண்ணுகளா. தெருவுக்குக் கேட்கிற மாதிரி.

உங்கள் வீட்டில் விரிக்கிற பாயில் எல்லோருக்கும் இடம் இருக்கட்டும். ஒரு பிள்ளையும் கட்டிலுக்கடியில் ஒளியாதிருக்கட்டும்.